நாட்டுச்செடி நாற்றுப்பண்ணை: எங்கள் ஊருணிக்கரைத் தோட்டத்துக்கு நாற்று வாங்கிய வகையில் ஒரு மதிப்புரை

தேவகோட்டையில் கடைவீதிக்கு அருகில் ஊருணிக்கரையை ஒட்டிக் கிடந்த பொது இடத்தில், நகராட்சியின் இசைவோடு, பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் வந்து தங்கும்படியான ஒரு தோட்டத்தைத் தெருக்காரர்கள் சேர்ந்து அமைத்து வருகிறோம். அதற்கான நாற்றுகளைக் காரைக்குடிப் பக்கம் உள்ள சிறிய நாற்றுப்பண்ணை ஒன்றில் வாங்கினோம். இதேபோன்ற முயற்சியில் இறங்குவோருக்கு அந்தப் பண்ணையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பட்டாம்பூச்சித் தோட்டம் என்றாலே பூச்செடிகளைக் காட்டும் கடைகளுக்கு நடுவில், புழு தின்பதற்கு எந்தச் செடி வைக்கப் போகிறீர்கள் என்று இங்கே முதலில் கேட்கிறார்கள். தேன் குடிக்க எந்தப் பூவுக்கும் வரும் பட்டாம்பூச்சி, முட்டையிடத் தனக்குரிய செடியைத்தான் தேடும். வெந்தய வரியனுக்கு எருக்கு, எலுமிச்சை அழகிக்கு நாரத்தை, கொன்றை வெள்ளையனுக்குச் சரக்கொன்றை என்று இணைசேர்த்துக் கொடுத்ததோடு, களையென்று எல்லோரும் பிடுங்கி எறியும் ஆடுதீண்டாப்பாளையையும் தொட்டியில் வளர்த்து வைத்திருந்தார்கள். உரோசா அழகியின் புழு உண்பது அதன் இலையைத்தான். பூச்சிமருந்து தெளிப்பதில்லை என்பதால் பல நாற்றுகளில் இலை ஓட்டையாக இருக்கும். அதைக் குறையாகக் கருத வேண்டாம், நம்பி வாங்குவதற்கான அடையாளமே அதுதான்.

உண்ணிச்செடியில் எவ்வளவு தேன் இருந்தாலும் அது பரவி மற்றவற்றை அழுத்திவிடும் என்று விற்க மறுக்கிறார்கள். பழந்தின்னிப் பறவைகளுக்காக ஆல் கேட்டபோது, பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்கு இவ்வளவு அருகில் அது வேண்டாம், வேர் சுவரைப் பிளந்துவிடும் என்று சொல்லி, நம் செம்மண்ணையும் வெயிலையும் தாங்கும் நுணாவையும் நொச்சியையும் கொடுத்தார்கள். விற்பனையை விட்டுக்கொடுத்துச் சொல்லும் இப்படிப்பட்ட யோசனை எளிதில் கிடைப்பதன்று.

குறைகளும் உண்டு. பைகளில் பெயர்ச்சீட்டு இல்லாததால் வண்டியிலிருந்து இறக்கும்போது நாற்றுகள் கலந்துபோயின. நெடுநாள் பையிலேயே நின்ற பெரிய கன்றுகள் சிலவற்றில் வேர் சுருண்டிருந்தது. ஆகவே முழங்கால் உயரக் கன்றுகளையே கேட்டு வாங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் நட வேண்டுமானால் ஆவணியிலேயே சொல்லிவைப்பது நல்லது, குறிப்பாக ஆடுதீண்டாப்பாளைக்கு. அதை அவர்கள் குறைவாகத்தான் வளர்க்கிறார்கள்.