"இன்னைக்கே மீன் விடலாம் சார்" என்று சொன்ன கடையும் 450 ரூபாய் பாட்டிலும்

மே மாதம் மகளுக்குப் பிறந்தநாள். மீன் தொட்டி வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கடை. பெயரைப் போடப்போவதில்லை, வம்பு வேண்டாம். ஆனால் இதைப் படித்துவிட்டுப் போனால், எந்தக் கடையில் இதே பாட்டைப் பாடினாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். தண்ணீர் சுமார் 50 லிட்டர் பிடிக்கும். மூடி, லைட், ஃபில்டர், கல் எல்லாம் எடுத்த பிறகு நானேதான் கேட்டேன்: "தம்பி, மீன் இல்லாம கொஞ்ச நாள் ஓடவிடணும்னு சொல்றாங்களே?" அவர் சிரித்தார். "அதெல்லாம் அந்தக் காலம் சார். இப்போ பாக்டீரியா பாட்டில்லயே வருது. ஊத்துங்க, அரை மணி நேரம் கழிச்சு மீனை விடுங்க." (மீன் கழிவில் வரும் அம்மோனியா என்ற விஷத்தை மாற்றுகிற நல்ல பாக்டீரியா ஃபில்டரில் வளரத்தான் அந்தக் கொஞ்ச நாள்.) பாட்டில் 450 ரூபாய். அதோடு 6 கோல்டு ஃபிஷ், 4 மோலி, கண்ணாடியைச் சுத்தம் செய்ய ஒரு சக்கர். கோல்டு ஃபிஷ் தின்று தின்று கழிவு போடுகிற ஜீவன், சக்கர் ஒரு அடிக்கு மேல் வளரும் என்பதெல்லாம் எனக்கு அன்று தெரியாது. அவருக்குத் தெரியும்.

பாட்டிலைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். போன் போட்டுக் கேட்டால், "பாக்டீரியா வாசனை அப்படித்தான் சார் இருக்கும்." சரி, ஊற்றிவிட்டேன்.

3-ஆம் நாள் தண்ணீர் கஞ்சி போல வெளுத்தது. "பாக்டீரியா வேலை செய்யுது சார், அதான்." 5-ஆம் நாள் காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஒரு கோல்டு ஃபிஷ் மட்டும் துடுப்பை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு அடியில் உட்கார்ந்திருந்தது. செவுள் ரத்தச் சிவப்பு. கடைக்கு ஓடினேன். மொத்தத் தண்ணீரையும் மாற்றுங்கள், ஸ்பாஞ்சைக் குழாயில் நன்றாகக் கழுவுங்கள், இந்த நீல மருந்தை 10 சொட்டு விடுங்கள், இன்னும் ஒரு பாட்டில் பாக்டீரியா ஊற்றுங்கள் என்றார். மறுபடி 450, மருந்துக்கு 60. சொன்னதை எல்லாம் செய்தேன். வாங்கிவந்த இரண்டாவது பாட்டிலை மட்டும் அவசரத்தில் ஊற்ற மறந்துபோனேன். அந்த மறதிதான் பிறகு உதவியது.

9-ஆம் நாள் முடிவில் 6 கோல்டு ஃபிஷும் 2 மோலியும் போய்விட்டன. "அப்பா, நான் சாப்பாடு அதிகமா போட்டுட்டேனா?" என்று மகள் கேட்டாள். கடைக்காரரும் அதையேதான் சொன்னார், குழந்தைக்கு எதிரிலேயே. இந்தப் பதிவை எழுத வைத்தது பணம் இல்லை, அந்த வார்த்தை.

அதன் பிறகுதான் சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கினேன். அம்மோனியா இல்லை என்றால் மஞ்சளாக இருக்கவேண்டிய குழாய் கரும்பச்சையானது. அளவு 4 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 4 பங்கு. தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 8. மீன் பெரும்பாலும் செவுள் வழியாகத்தான் அம்மோனியாவை வெளியே விடுகிறது. அதில் ஒரு பங்குதான் விஷமான வடிவில் இருக்கும். பிஎச் 7-இல் இருப்பதைவிட 8-இல் அந்தப் பங்கு ஏறக்குறைய 10 மடங்கு. நம் ஊர் வெயிலில் தண்ணீர் சூடானால் இன்னும் கூடும். என் மீன்கள் தங்கள் கழிவிலேயே வெந்திருக்கின்றன.

மிச்சமிருந்த 2 மோலியையும் சக்கரையும் காப்பாற்ற வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் மூலம் கொளத்தூரில் மீன் வளர்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். வீட்டு மாடி முழுக்க சிமெண்ட் தொட்டிகள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு எதுவும் பேசாமல், ஓடிக்கொண்டிருந்த ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரை எடுத்து ஒரு மக்குத் தண்ணீரில் பிழிந்து காட்டினார். டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. "நல்ல பாக்டீரியா இருக்கிறது இந்த அழுக்குலதான். நீங்க குழாய்ல கழுவி ஊத்தினது இதைத்தான் தம்பி." குழாயில் வருகிற மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கிறது. கிருமியைக் கொல்லத்தான் அதைப் போடுகிறார்கள். நீல மருந்தும் அதே ஜாதி, நல்ல பாக்டீரியா கெட்ட பாக்டீரியா என்று பார்க்காது. ஆக, ஏதாவது ஒட்டியிருந்தாலும் அதையும் கொன்றுவிட்டு, அதே கடைக்காரர் எனக்கு அடுத்த பாட்டிலை விற்றிருக்கிறார்.

பெரியவர் ஒரு பழைய ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரோடு கவரில் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. மூன்று மீனையும் தன்னிடமே விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து, ஊற்ற மறந்த பாட்டிலைச் சோதிப்பது என்று முடிவு செய்தேன். நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் வாங்கினேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசும்போது போடுவார்களே, அதுதான், அமோனியம் குளோரைடு. ஒரு சிட்டிகையை டம்ளரில் கரைத்து, குளோரின் நீக்கிய தண்ணீர் இருந்த இரண்டு பக்கெட்டிலும் கிட் 2 பிபிஎம் காட்டும்வரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டேன். ஒன்றில் பாட்டில் மருந்து, இன்னொன்றில் பெரியவரின் ஸ்பாஞ்சில் வெட்டிய ஒரு துண்டு. இரண்டிலும் ஏர் பம்ப். ஸ்பாஞ்ச் பக்கெட்டில் 4-ஆம் நாள் அம்மோனியா பூஜ்யம். பாட்டில் பக்கெட்டில் 12-ஆம் நாளும் அதே 2.

ஏன் என்று தேடியபோதுதான் லேபிளை ஒழுங்காகப் படித்தேன். 'நைட்ரோபாக்டர், பேசில்லஸ்' என்று இருந்தது. பேசில்லஸ் விதை மாதிரி உறங்குகிற வித்தாக மாறி எத்தனை மாதம் வேண்டுமானாலும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது அழுக்கைத் தின்கிற ரகம், நமக்கு வேண்டிய வேலையைச் செய்யாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் (அதுவும் விஷம்தான்), நைட்ரைட்டை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் வித்தாக மாறாது, சூடு தாங்காது, மெதுவாகத்தான் பெருகும். சாதாரணக் கிருமி அரை மணி நேரத்தில் இரண்டாகும் என்றால் இவற்றுக்கு அரை நாளோ ஒரு நாளோ வேண்டும். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா என்று 1998-இலேயே ஆய்வு வந்துவிட்டது. பாட்டிலில் இன்னும் பழைய பெயர்தான்.

காலாவதித் தேதி ஒரு ஸ்டிக்கரில் இருந்தது. ஓரம் கொஞ்சம் தூக்கியிருந்தது. ஈரத்துணியை வைத்துவிட்டு நகத்தால் உரித்தேன். கீழே அச்சடித்த தேதி, நான் வாங்கியதற்கு ஒன்றரை வருடம் முன்பே முடிந்திருந்தது.

எல்லா பாட்டிலும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. சரியாகத் தயாரித்து, வெயில் படாமல் வைத்திருந்த சரக்கு வேலை செய்யும் என்று பெரியவரே சொன்னார். ஆனால் மேற்கு வெயில் நேராக அடிக்கிற கண்ணாடி ஷோகேஸில், மே மாதம் முழுக்க வெந்த பாட்டிலில் என்ன உயிரோடு இருக்கும்? வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் வாங்குங்கள், ஆனால் கிட் இல்லாமல் அதை நம்பி மீனை விடாதீர்கள். கிட் விற்காத கடை 'பாக்டீரியா' விற்றால் இன்னும் உஷார். நான் வாங்கிய கடையில் கிட் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "தண்ணி கண்ணாடி மாதிரி இருந்தா போதும் சார்" என்றார். 4 பிபிஎம்மிலும் என் தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

இப்போது தொட்டி ஓடுகிறது. பெரியவரின் ஸ்பாஞ்சை ஃபில்டருக்குப் பக்கத்தில் போட்டு, மீன் இல்லாமல் நவச்சாரக் கரைசல் விட்டு, தினம் இரவு மகளும் நானும் டெஸ்ட் பார்த்தோம். நடுவில் நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய் ஒரு வாரம் அப்படியே நின்றது. 22-ஆம் நாள் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தது. பழைய ஸ்பாஞ்ச் கிடைக்காதவர்கள் 4 முதல் 6 வாரம் பொறுக்க வேண்டும். அப்புறம் இரண்டு மோலியைத் திரும்பக் கொண்டுவந்தேன். சக்கர் பெரியவரிடமே இருக்கிறது.

பணத்தைக் கேட்கக் கடைக்குப் போனபோது ஸ்டிக்கரைக் காட்டினேன். "அது டீலர் ஒட்டினது சார், நாங்க இல்ல" என்றார். பில்லில் பாட்டில் பெயரே இல்லை, 'அக்சஸரீஸ்' என்று மொத்தமாக ஒரு தொகை. இது என் தப்பு. நீங்கள் ஒவ்வொரு பொருளையும் பெயரோடு எழுதி வாங்குங்கள். இருந்தாலும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். உரித்த ஸ்டிக்கரை மகளின் டெஸ்ட் நோட்டிலேயே ஒட்டிவைத்திருக்கிறோம், கேட்டால் காட்ட.