வன்னி வீட்டில் எபொக்சி நிலம்: ஆறாவது வருடத்தில் சொல்லக்கூடியது

2018 மார்கழி வெள்ளம் கிளிநொச்சி மாவட்டக் கண்டாவளைப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. இரண்டு நாள் நின்று வற்றியபோது சீமெந்து நிலத்தின் மேல்தோல் போய்விட்டது. கூட்டக் கூட்டத் தூள் கிளம்பும். காலையில் கூட்டிவிட்டு மத்தியானம் நடந்தால் உள்ளங்கால் சாம்பல் நிறமாக இருக்கும். கட்டாரில் கட்டட வேலை செய்துவிட்டு வந்திருந்த தம்பிதான், "அக்கா, ரைல்ஸ் வேண்டாம், எபொக்சி போடுவம். பொருத்து இல்லை, ஊத்தை தங்க இடமில்லை" என்றான். எபொக்சி என்பது பிசினும் இறுக்கும் திரவமும் கலந்து சீமெந்தின் மேல் ஊற்றி, இறுக விடும் பூச்சு. 2019 ஆவணியில் கூடம், இரண்டு அறை, குசினி, முன் விறாந்தை எல்லாவற்றுக்கும் போட்டோம். வெளிர்ச் சாம்பல் நிறம், 2 மில்லிமீற்றர் தடிப்பு. போட்ட பிறகு ஒரு கிழமை மாமி வீட்டில் இருந்தோம். அடுத்த நாளே மெல்ல நடக்கலாம் என்றாலும், முழுதாக இறுகி முடிய ஏழு நாள் வேண்டும். அதற்குள் தண்ணீர் படக்கூடாது.

இன்றைக்கு ஆறாவது வருடம் ஓடுகிறது. ஒரு அறையைத் தவிர மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படி வைத்திருக்கப் பழக எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. ஏனென்றால் எபொக்சி பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் கார் நிறுத்தும் அறைக்கும் தொழிற்சாலைக்கும் எழுதியவை. கிறவல் ஒழுங்கையும் கிணற்றுத் தண்ணீரும் நெல்லு மூட்டையும் உள்ள வீட்டை அவை நினைக்கவில்லை.

முதல் வருடம் ஒரு நாள் விடிய, கதவால் வெயில் சாய்ந்து விழுந்த நேரம், கூடத்தில் குந்தியிருந்து பார்த்தேன். நிலம் முழுக்க மயிர் அளவு மெல்லிய கோடுகள். எல்லாம் ஒரே மாதிரி வளைந்திருந்தன, அரை வட்டம் அரை வட்டமாக. கதிரை இழுத்த கோடு இப்படி வளையாது. மொப்பை எடுத்து வந்து அந்த வளைவின் மேல் வைத்து இழுத்துப் பார்த்தேன். அப்படியே பொருந்தியது. ஒவ்வொரு நாளும் துப்புரவாக்குகிறேன் என்று நானேதான் கீறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் மண். சோளகக் காற்றுக் காலத்தில் ஒழுங்கைக் கிறவல் பொடியாகி யன்னலால் வரும். மழைக்காலத்தில் செருப்போடு வரும். அந்த மணலில் உள்ள பளிங்குத் துகள் எபொக்சியை விடக் கடினமானது. ஈர மொப் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேய்க்கும், சாண்ட்பேப்பரால் உரசுவது போலத்தான். ஆகவே இந்த நிலத்துக்கு முதல் வேலை காய்ந்த வேலை: மென்மையான மயிர்த் தும்புத்தடியால் காலையும் பின்னேரமும் கூட்டுதல், பிறகு காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால் ஒரு இழுவை. ஈர்க்கு விளக்குமாறு முற்றத்துக்கு மட்டும். படியில் ஒரு தும்புக் கால்மிதி, உள்ளே துணிக் கால்மிதி. இரண்டையும் அடிக்கடி வெளியே கொண்டுபோய் உதற வேண்டும், இல்லாவிட்டால் அவையே மண் களஞ்சியமாகிவிடும்.

மாசி, பங்குனியில் காலபோக அறுவடை வீட்டுக்கு வரும் நாட்களில் இன்னும் கவனம். நெல் உமியில் சிலிக்கா நிறைய. மூட்டையின் அடியில் ஒட்டிய உமியும் மண்ணும் சேர்ந்து இழுபட்டால் நிலத்தில் நெடுக ஒரு பட்டை விழும். நாங்கள் வாசலிலிருந்து படங்கு விரித்து, மூட்டையை இருவராகத் தூக்கித்தான் வைப்போம்.

ஈரத் துடைப்பு கிழமைக்கு இரண்டு தரம் போதும். அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "தண்ணி ஊத்திக் கழுவாட்டி அது என்ன துப்புரவு, பிள்ளை?" என்பார். சீமெந்து நிலத்தை வாளி வாளியாக ஊற்றிக் கழுவிய கை அது. ஆனால் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், கேத்தலுக்குள் வெள்ளைப் படை கட்டும் தண்ணீர். அதை நிலத்தில் ஊற்றி உலர விட்டால் அதே வெள்ளை நிலத்திலும் படியும். சவர்க்காரமும் சேர்ந்தால் மேலே பிசுபிசுத்த ஒரு தோல் உண்டாகும். அதில் தூசி ஒட்டும், நிலம் மங்கும், எபொக்சி பழுதாகிவிட்டது என்று நினைப்போம். பழுதில்லை, அது வெறும் படை. மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் சேர்த்து வைத்து, துடைப்புக்கு அதையே எடுக்கிறேன். அது முடிந்த பிறகு கிணற்றுத் தண்ணீர்தான், ஆனால் துடைத்த கையோடு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுவேன். ஒரு வாளிக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். பிறகு வெறும் தண்ணீரில் இன்னொரு துடைப்பு.

வெள்ளைப் படையைப் போக்க வினாகிரி ஊற்றச் சொல்வார்கள், தேசிக்காய் தேய்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். ஒருமுறை பட்டு உடனே துடைத்தால் ஒன்றும் ஆகாது, அடிக்கடி பட்டால் மினுக்கம் போகும். எங்கள் விறாந்தையில் அப்படி ஒரு மங்கல் வட்டம் இருக்கிறது. தம்பியின் புது மோட்டார் சைக்கிளுக்குத் தேசிக்காய் நசித்த அன்று, சாறு இரவு முழுக்க அங்கேயே கிடந்தது. கக்கூசு கழுவும் அசிட், குளோரின் தூள் கரைத்த தண்ணீர், கம்பித் தும்பு, இவை மூன்றும் கிட்ட வரக்கூடாது. சிவப்புச் சீமெந்துக்குப் பூசும் மெழுகு பொலிஷும் வேண்டாம். ஒரு தைப்பொங்கலுக்கு முதல் அம்மா ஆசையாகப் பூசிவிட்டார். அன்றைக்குப் பளபளத்தது உண்மை. அடுத்த நாள் ஒவ்வொரு காலடியும் பதிந்தது, வழுக்கவும் தொடங்கியது. இளஞ்சூட்டுத் தண்ணீரும் சவர்க்காரமுமாக நான்கு தரம் துடைத்துத்தான் எடுத்தேன்.

வழுக்கல் என்பது சின்ன விடயம் இல்லை. ஈரக் காலோடு கிணற்றடியிலிருந்து வருபவர்களுக்கு இந்த நிலம் ஆபத்து. வயதானவர்கள் உள்ள வீடென்றால் பூசும் நேரத்திலேயே பின்வாசல் பக்கத்துக்கு மேற்பூச்சில் நுண்மணல் தூவச் சொல்லுங்கள். நாங்கள் குசினி வாசலுக்கு அப்படிச் செய்தோம், இன்று வரை அம்மா விழவில்லை. அந்த இடத்தை மட்டும் மொப்பால் துடைக்க முடியாது, நைலோன் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும்.

மஞ்சளைப் பற்றி ஒரு சுவையான விடயம் கண்டேன். கும்பம் வைத்த இடத்தில் அரைத்த மஞ்சள் ஊறி இரண்டு கறை விழுந்தது, ஒன்று வாசலருகே, ஒன்று சாமியறைப் பக்கம். வாசலருகே வெயில் பட்ட கறை சில நாளில் தானாக வெளுத்துவிட்டது. நிழலில் இருந்தது மாதக்கணக்காக நின்றது. மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. ஆனால் அதே வெயில் எபொக்சியைப் பழுப்பாக்கும். விறாந்தையில் கூரை மறைக்காத இரண்டடிப் பட்டை இப்போது பழைய கடதாசி நிறம், துடைத்துப் போக்க முடியாது. வெயில் விழும் இடத்துக்கு எபொக்சியின் மேல் வெயில் தாங்கும் பொலியூரிதேன் பூச்சு வேண்டும். எங்களுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.

குசினியில் சூடு. வீடுகளுக்குப் போடும் எபொக்சி 60 பாகை அளவிலேயே இளகத் தொடங்கும். அடுப்பால் இறக்கிய புட்டுப் பானையை நிலத்தில் வைத்தால் வளையம் விழும். பலகையோ திருகணையோ கட்டாயம். கற்பூரமும் தட்டில்தான். மற்றபடி தேங்காயெண்ணெய், மீன் குழம்பு, தேயிலைச் சாயம் எது கொட்டினாலும் ஒரு துணி போதும். சீமெந்தில் ஒரு கறையோடு ஒரு கிழமை மல்லுக்கட்டியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில் எஞ்சின் ஒயில் பிரச்சினை இல்லை, துடைத்தால் போகும். ரயர்தான் பிரச்சினை. றப்பரில் உள்ள ஒரு பொருள் மெல்ல இறங்கி மண்ணிறத் தழும்பாகிவிடும். இரண்டு பலகைத் துண்டு போட்டு அதன் மேல் நிறுத்துகிறோம்.

இனி அந்த ஒரு அறை. வீட்டின் தாழ்ந்த பக்கத்து அறை அது. பூச வந்தவர்கள் ஆவணி வெயிலில் நிலத்தைத் தொட்டுப் பார்த்து, காய்ந்துவிட்டது என்றார்கள். மேல் காய்ந்திருந்தது, அடியில் நில ஈரத்தைத் தடுக்கும் பொலித்தீன் விரிக்காத பழைய கொங்கிறீற். வாடை மழை பிடித்து நிலத்தடி நீர் ஏறியதும், கார்த்திகையில் முதல் கொப்புளம் வந்தது, ஐந்து ரூபாய்க் குற்றி அளவில். விரலால் அழுத்தினால் அமுங்கும். ஊசியால் குத்தினேன், உள்ளே இருந்து தண்ணீர் கசிந்தது. தைக்குள் பாதி அறை அப்பளம் போல எழும்பிவிட்டது. பூசியவர்களைத் தொலைபேசியில் எடுத்துக் கேட்டபோது, நாங்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவியதுதான் காரணம் என்றார்கள். மேலிருந்து போகும் தண்ணீர் எபொக்சிக்கு அடியில் இறங்காது. கீழிருந்து வரும் ஈரம்தான் அதைத் தள்ளும். எங்கள் காசு போனதை விட, அம்மாவின் மேல் பழி போட்டதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

இதைப் பரிசோதிக்கச் செலவே இல்லை. 18 அங்குலச் சதுரத்தில் தடித்த பொலித்தீன் வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். உரிக்கும்போது உள்ளே துளி நின்றாலோ கொங்கிறீற் கறுத்திருந்தாலோ பூசக்கூடாது. வன்னியில் இதைக் கோடையில் செய்து பயனில்லை, கார்த்திகை மார்கழியில் செய்ய வேண்டும். புது வீடு கட்டுகிறவர்கள் கொங்கிறீற் போட முதலே அடியில் பொலித்தீன் விரிக்கச் சொல்லி மேசனிடம் நின்று பாருங்கள். கொங்கிறீற் போட்ட பிறகு, எபொக்சி பூச முதல் 28 நாளாவது விடுங்கள்.

வரும் பங்குனியில் கூடத்துக்கு மேற்பூச்சு மட்டும் புதுப்பிக்கப் போகிறோம். மெல்லிய சாண்ட்பேப்பரால் மினுக்கத்தை எடுத்து, தூசியை முழுதாகத் துடைத்து, அதன் மேல் பொலியூரிதேன். மெழுகு மிச்சம் இருந்தால் பூச்சு பிடிக்காது என்பதால் இப்போதே மூலை மூலையாகப் பார்த்துத் துடைத்து வருகிறேன். தாழ்ந்த அறையில் இருந்த எபொக்சியைத் தம்பி சுரண்டி எடுத்துவிட்டான். போன மார்கழியில் பொலித்தீன் ஒட்டிப் பார்த்தோம், விடிய உரித்தபோது துளி துளியாக நின்றது. அந்த அறை சீமெந்தாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பலகை அடித்து, அதன் மேல் விதைநெல் அடுக்கியிருக்கிறோம்.