மொகதிஷுவில் பணம் என்றால் *712#: 'இ.வி.சி. பிளஸ்' எப்படி?

வேலையாகச் சோமாலியா போகிறவர்களும், அங்குள்ளவர்களுக்குச் சம்பளமோ உதவித்தொகையோ கொடுக்க வேண்டியவர்களும் முதலில் பழக வேண்டியது இ.வி.சி. பிளஸ். ஹோர்முட் தொலைபேசி நிறுவனம் 2011-ல் தொடங்கிய செல்பேசிப் பணச் சேவை இது. தலைநகர் மொகதிஷுவிலும் தெற்குப் பகுதிகளிலும் டீக்காசு முதல் வீட்டு வாடகை வரை இதில்தான் ஓடுகிறது. அன்றாடச் செலவுக்கு இதைவிடச் சுலபமான வழி அங்கே கிடையாது. ஆனால் சேமிப்பை இதில் போட்டு வைக்க வேண்டாம். மத்திய வங்கி பார்க்க வேண்டிய வேலையைத் தொலைபேசிக் கம்பெனி பார்ப்பதன் நல்லதும் கெட்டதும் இதில் சேர்ந்தே இருக்கின்றன.

ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஹோர்முட் சிம் போட்ட பட்டன் போன் போதும். *712# அடித்து பின் நம்பர் கொடுத்தால் சோமாலி மொழியில் பட்டியல் வரும்: இருப்பு, டாக்டைம், பில், பணம் அனுப்புதல். பழகியவர்கள் யாரும் பட்டியலைத் தேடிப் போவதில்லை. *712*, பெறுபவர் எண், *, தொகை, # என்று ஒரே மூச்சில் அடித்துவிடுவார்கள். பஜாஜில் (மூன்று சக்கர வண்டிக்கு அங்கேயும் அதுதான் பெயர்) இறங்கும் இடம் நெருங்கும்போதே ஓட்டுநர் தன் எண்ணைச் சொல்ல, பின்சீட்டிலிருந்தே பணம் போய்விடும். குறுஞ்செய்தி வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் அவர் அடுத்த சவாரியை ஏற்றுவார். ஆளுக்கு ஆள் அனுப்பக் கட்டணம் இல்லை. இணையம் இல்லாமல் வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பும் இந்தியாவின் *99# சேவையும் இதே தொழில்நுட்பம்தான், இங்கே அதைச் சீந்துவார் இல்லை. அங்கே அதுவே நாட்டின் முதுகெலும்பு. 2018-ல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வின்படி 16 வயதைத் தாண்டியவர்களில் 73 விழுக்காட்டினர் செல்பேசிப் பணம் பயன்படுத்தினார்கள். எல்லா நிறுவனங்களும் சேர்ந்து மாதம் சுமார் 15.5 கோடிப் பரிமாற்றங்கள், 270 கோடி டாலர்.

கணக்கு முழுக்க அமெரிக்க டாலரில். ஏன் சோமாலியாவின் சொந்த நாணயமான ஷில்லிங் இல்லை என்பதற்கு 1991-க்குப் போக வேண்டும். அந்த ஜனவரியில் சர்வாதிகாரி சியாத் பர்ரேயின் ஆட்சி விழுந்தது, கூடவே மத்திய வங்கியும் படுத்துவிட்டது. பிறகு அரசு நோட்டு அச்சடிக்கவில்லை. ஆயுதக் குழுத் தலைவர்களும் வணிகர்களும் வெளிநாட்டில் அச்சடித்துக் கப்பலில் இறக்கினார்கள். கடைசியாக, புழக்கத்தில் இருந்த ஷில்லிங் நோட்டுகளில் 98 விழுக்காடு கள்ளநோட்டு என்று பன்னாட்டு நாணய நிதியம் கணித்தது. தெரிந்தேதான் மக்கள் வாங்கினார்கள், வேறு நோட்டு ஏது? டாலருக்கு 25,000 ஷில்லிங் என்ற நிலையில் 1000 ஷில்லிங் நோட்டின் மதிப்பு வெறும் 4 சென்ட். அச்சுக்கூலியே அதை நெருங்கிவிட்டதால் கள்ள அச்சுக்காரருக்கும் ஆசை குறைந்தது. மளிகை வாங்கவே கட்டுக்கட்டாக நோட்டு தூக்க வேண்டிய ஊரில், 20 சென்ட்டையும் துல்லியமாகக் கொடுக்க முடிந்ததுதான் இ.வி.சி.யின் முதல் வெற்றி. கிழிந்த டாலர், சில்லறைத் தகராறு எதுவும் கிடையாது.

ஹோர்முட்டின் பிறப்பிலும் அரசியல் உண்டு. ஹவாலா (வங்கி வழியில்லாமல் பணம் அனுப்பும் முறை), தொலைபேசி இரண்டையும் நடத்திய சோமாலிய நிறுவனமான அல்-பரகாத்தை 2001 நவம்பர் 7 அன்று அமெரிக்கா பயங்கரவாத நிதி என்று சொல்லி முடக்கியது. அல்-கய்தாவுக்குப் பணம் போனதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்று செப்டம்பர் 11 ஆணையத்தின் ஆய்வாளர்களே பின்னர் எழுதினார்கள். அதற்குள் கம்பெனி போய்விட்டது. அந்த வெற்றிடத்தில் 2002-ல் வந்தது ஹோர்முட். 2010 அக்டோபரில் அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு செல்பேசிப் பணத்துக்குத் தடை போட்டது. 2014-ல் செல்பேசி இணையத்துக்கும் தடை போட்டது. ஆனால் *712# இணையத்தைத் தொடுவதே இல்லை என்பதால் இந்த இணையத் தடை அதை எட்டாது.

இனி குறைகள். பெரிய குறை, பணத்துக்கு யார் பொறுப்பு என்பது. ஹோர்முட்டுக்கு மத்திய வங்கி உரிமம் கிடைத்தது 2021 பிப்ரவரியில்தான், அதுவே நாட்டில் இந்தச் சேவைக்குக் கொடுத்த முதல் உரிமம். அதுவரை சுமார் பத்தாண்டு மேற்பார்வை இல்லாமல் ஓடியது. உரிமம் வந்த பிறகும், நிறுவனம் சிக்கலில் மாட்டினால் அவசரத்துக்கு டாலர் அச்சடித்துத் தர அங்கே யாராலும் முடியாது. ஆகவே ஒரு மாதச் செலவுக்கு மேல் வைக்காதீர்கள், மிச்சத்தை வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது தவறான எண். பணம் நொடியில் போய்ச் சேரும், பெற்றவர் அதை நொடியில் செலவழித்தும் விடலாம். உறுதி கேட்கும் திரையில் எண்ணையும் தொகையையும் வாய்விட்டுப் படித்த பிறகே சரி கொடுங்கள். புதியவருக்குப் பெரிய தொகை என்றால் முதலில் ஒரு டாலர் அனுப்பிப் பாருங்கள். சிம்மைப் பாஸ்போர்ட் காட்டி உங்கள் பெயரிலேயே பதியுங்கள். நண்பர் பெயரில் வாங்கிய சிம் தொலைந்தால், அதிலுள்ள பணம் உங்களுடையது என்று நிரூபிக்க வழியில்லை.

உதவி அமைப்புகளுக்கு இது வரம். 2011 பஞ்சத்தில் சுமார் 2,60,000 பேர் இறந்தார்கள். அல்-ஷபாப் பல அமைப்புகளை உள்ளே விடாததும் சாவு பெருகக் காரணம். உணவு லாரியை மறிப்பது எளிது, குறுஞ்செய்தியை மறிப்பது கடினம். 2020-ல் தொடங்கிய 'பஹ்நானோ' அரசுத் திட்டம் சுமார் 2 லட்சம் குடும்பங்களுக்கு மாதம் 20 டாலர் என்ற கணக்கில் செல்பேசி வழியாகத்தான் கொடுத்தது. போன் குடும்பத்தில் யார் கையில் இருக்கிறது என்று மட்டும் முன்பே விசாரித்துவிடுங்கள். பெண் பெயரில் வரும் பணம் எப்போதும் அவர் கைக்கே போகும் என்று நம்பிவிட முடியாது.

வடக்கே கதை வேறு. தனிநாடு என்று தன்னை அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தில் டெலிசோம் நிறுவனத்தின் 'ஸாத்' 2009 முதலே இருக்கிறது, தன்னாட்சிப் பகுதியான புன்ட்லாந்தில் கோலிஸ் நிறுவனத்தின் 'சஹல்'. சோம்டெலின் 'இ-தஹப்' இன்னொரு பக்கம். சோமாலிலாந்துத் தலைநகர் ஹர்கெய்சாவுக்கும் போகிற வேலை இருந்தால் இரண்டு சிம் போடும் போனாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.