ரேன்சம்வேர் வந்துட்டா எந்த வழி: பணமா, டிகிரிப்டரா, பேக்கப்பா, இல்ல நேரா ஃபார்மட்டா?

ஃபைல் எதுவும் ஓபன் ஆகல, பேருக்குப் பின்னாடி சம்பந்தமே இல்லாத நாலு எழுத்து ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒவ்வொரு ஃபோல்டர்லயும் ரீட்மின்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல் புதுசா உக்காந்திருக்கு. இதான் ரேன்சம்வேர், ஃபைல பூட்டி வச்சுட்டு தொறக்கற கீக்குப் பணம் கேக்கிற வைரஸ். இப்படி சர்வீஸுக்கு வர்ற சிஸ்டம்ல, அதுவும் வீட்டு கம்ப்யூட்டர், போட்டோ ஸ்டூடியோ, டிடிபி கடைன்னா, நான் அதிகமா பாக்கிறது ஸ்டாப் டிஜேவியூ குடும்பத்தத்தான். கிராக் போட்ட போட்டோஷாப், விண்டோஸ் ஆக்டிவேட்டர், கீஜென் இதுங்க கூடவே ஒட்டிக்கிட்டு வரும், "ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டு இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு கிராக் குடுக்கிறவனே போட்டிருப்பான், நாமளும் சொன்னபடி கேட்டு ஆஃப் பண்ணிருவோம். உள்ள வந்ததும் விண்டோஸ் அப்டேட் ஓடுற மாதிரி ஒரு டூப்ளிகேட் விண்டோ காட்டும், அதனால ஹார்ட் டிஸ்க் விடாம ஓடினாலும் யாருக்கும் சந்தேகம் வராது.

அந்த ரீட்மிய ஓபன் பண்ணா சுமார் 980 டாலர் கேப்பான், 72 மணி நேரத்துக்குள்ள மெயில் போட்டா பாதி விலை, 490ன்னு இருக்கும். ஆடித் தள்ளுபடி ரேஞ்சுக்கு! சரி, இப்ப கையில இருக்கிற வழிகள ஒண்ணோட ஒண்ணு வச்சுப் பாப்போம்.

அதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. நெட்டையும் எக்ஸ்டர்னல் டிஸ்கையும் கழட்டிருங்க, ஏன்னா இது ஷெட்யூல்டு டாஸ்க் ஒண்ணு போட்டு வச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப ஓடும், "இருக்கிறத காப்பி எடுத்துக்கலாம்"னு பென் டிரைவ் சொருகினா அதுவும் போச்சு. ரெண்டாவது, அந்த ரீட்மியோட கடைசில பர்சனல் ஐடின்னு நீளமா ஒரு கோடு இருக்கும், அதோட கடைசி ரெண்டு எழுத்தப் பாருங்க. டி1ன்னு முடிஞ்சா ஆஃப்லைன் கீ, இல்லன்னா ஆன்லைன் கீ. டிஜேவியூ விஷயத்துல பாதி முடிவு இங்கயே தெரிஞ்சிரும்.

என்ன வித்தியாசம்னா, இது லாக் பண்ண ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வைரஸ் விட்டவனோட சர்வரக் கூப்பிட்டு உங்களுக்குன்னு தனியா ஒரு கீ வாங்கப் பாக்கும். சர்வர் கிடைக்கலைன்னா, நெட் கட் ஆகியிருந்தாலோ அவன் பக்கமே டவுனா இருந்தாலோ, உள்ளயே வச்சிருக்கிற பொதுவான ஒரு கீயப் போட்டு பூட்டிரும். அந்த வேரியன்ட்ல, அதாவது அந்த வகைல, ஆஃப்லைன்ல மாட்டின எல்லாருக்கும் அதே கீதான். அதாவது அன்னிக்கு நெட் வரலன்னு பிராட்பேண்ட்காரர நீங்க திட்டியிருந்தா, அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. நடுவுல நெட் விட்டு விட்டு வந்திருந்தா பாதி ஃபைல் இந்த கீ, மீதி அந்த கீன்னு கலந்தும் கிடக்கும், சி டிரைவ்ல சிஸ்டம்ஐடின்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், அதுல எல்லா ஐடியும் வரிசையா இருக்கும்.

இப்ப டிகிரிப்டர், அதாவது பூட்டின ஃபைல தொறக்கற டூல். எம்சிசாஃப்ட்ங்கிற ஆன்டிவைரஸ் கம்பெனி 2019 அக்டோபர்ல ஃப்ரீயா விட்டாங்க, அப்பவே 148 வேரியன்ட்டுக்கு சப்போர்ட் இருந்துச்சு. 2019 ஆகஸ்ட்டுக்கு முந்தின பழைய வகைன்னா ஆன்லைன் கீயா இருந்தாலும் ஒரு வழி உண்டு, பூட்டின ஃபைலும் அதோட பூட்டாத ஒரிஜினலும் ஜோடியா குடுத்தா கணக்குப் போட்டு எடுக்கும் (ஒரிஜினல் உங்க மெயில் அட்டாச்மென்ட்லயோ ஃபோன்லயோ கிடக்கலாம்). புது வகைல ஆஃப்லைன் கீக்கு மட்டும்தான் வாய்ப்பு, அதுவும் அந்த கீ எம்சிசாஃப்ட் கையில வந்து சேந்திருக்கணும், பெரும்பாலும் அது பணம் கட்டி வாங்கின யாரோ ஒருத்தர் குடுத்ததாத்தான் இருக்கும். புது வகை, ஆன்லைன் கீன்னா இன்னிக்கு வழி இல்ல, அவ்வளவுதான். "நான் எடுத்துத் தர்றேன், அட்வான்ஸ் போடுங்க"ன்னு வீடியோக்குக் கீழ நம்பர் போடுறவன நம்பாதீங்க. 2020ல டிஜேவியூ டிகிரிப்டர்னு பேர் போட்டுக்கிட்டு ஒண்ணு சுத்துச்சு, சோராப்னு பேரு, அதுவே ஒரு ரேன்சம்வேர், ஏற்கனவே பூட்டின ஃபைல் மேல இன்னொரு பூட்டு போட்டுட்டுப் போயிரும். டூல் வேணும்னா நோ மோர் ரேன்சம் சைட்ல தேடுங்க, 2016ல நெதர்லாந்து போலீஸ், ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோல், கூட காஸ்பர்ஸ்கி, இன்டெல் செக்யூரிட்டி எல்லாம் சேந்து ஆரம்பிச்சது. என்ன வகைன்னே தெரியலைன்னா ஐடி ரேன்சம்வேர்ங்கிற சைட்ல ரீட்மியையும் ஒரு ஃபைலையும் ஏத்தினா சொல்லிரும்.

பணம் கட்டுறது? 490 டாலர்னா நம்ம காசுக்கு நாப்பதாயிரம் தாண்டும், அதுவும் பிட்காயின்ல. கட்டினா கீ வரவே வராதுன்னு சொல்றதும் தப்பு, வந்த ஆளுங்க இருக்காங்க, மேல சொன்ன ஆஃப்லைன் கீ கதையே அதுக்கு சாட்சி. ஆனா பெரிய கம்பெனிங்க கதையப் பாருங்க. 2021 மே மாசம் அமெரிக்காவுல கலோனியல் பைப்லைன்ங்கிற எரிபொருள் கம்பெனி 75 பிட்காயின், அன்னிக்கு ரேட்ல 44 லட்சம் டாலர் கட்டினாங்க, வந்த டிகிரிப்டர் ஆமை வேகத்துல ஓடுனதால கடைசில சொந்த பேக்கப்ல இருந்துதான் எழுப்பினாங்க. 2024ல சேஞ்ச் ஹெல்த்கேர்ங்கிற மருத்துவ பில்லிங் கம்பெனி 2.2 கோடி டாலர் குடுத்தாங்க, அந்த கேங் பணத்தோட கம்பி நீட்டிருச்சு, டேட்டாவ வச்சுக்கிட்டு இன்னொரு கேங் வந்து மறுபடி மிரட்டுச்சு. அவ்வளவு பெரிய வக்கீல் படையோட பேரம் பேசினவங்களுக்கே இந்த கதின்னா, கூகுள் டிரான்ஸ்லேட்ல மெயில் அடிக்கிற நம்ம நிலைமைய யோசிங்க. என்னைக் கேட்டா கட்டாதீங்கன்னுதான் சொல்வேன்.

ரெக்கவரி சாஃப்ட்வேர் பத்தி நிறைய பேர் கேப்பாங்க. விண்டோஸ் தானா எடுத்து வைக்கிற பழைய காப்பி, அந்த ஷேடோ காப்பிய இது முதல்லயே அழிச்சுரும், எஸ்எஸ்டின்னா அழிச்ச ஃபைலோட இடத்த சுத்தமா காலி பண்ற ட்ரிம் வேற இருக்கு, அதனால ரெக்குவா மாதிரி டூல்ல பெருசா எதிர்பாக்காதீங்க. ஆனா ரிப்பேர்னு ஒரு வழி இருக்கு, இது பலருக்குத் தெரியறதில்ல. டிஜேவியூ அவசரக் குடுக்கை, ஒவ்வொரு ஃபைல்லயும் முதல் 150 கேபி அளவுக்குத்தான் பூட்டும், மீதி அப்படியே சுத்தமா இருக்கும். சின்ன வேர்டு ஃபைல், எக்ஸெல்னா மொத்தமும் அதுக்குள்ளயே அடங்கிரும், காலி. ஆனா ஸ்டூடியோக்காரங்க கிட்ட இருக்கிற கல்யாண வீடியோ ஜிபி கணக்குல இருக்குமே, அதே கேமரால அதே செட்டிங்ல எடுத்த நல்ல வீடியோ ஒண்ண மாதிரிக்குக் குடுத்து மீடியா ரிப்பேர்ங்கிற ஃப்ரீ டூல்ல போட்டா ஆரம்பத்துல கொஞ்சம் போய் மீதி ஓடுறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. முதல்ல காப்பி எடுத்து வச்சுக்கிட்டு அந்த காப்பில முயற்சி பண்ணுங்க. ஆன்லைன் கீன்னு டிகிரிப்டர் கைவிட்ட கேஸ்லயும் இது ஒர்க் ஆகும், அதனால வீடியோ ஆளுங்களுக்கு என்னோட முதல் சாய்ஸ் இதான்.

பேக்கப் இருந்தா இந்த பேச்சே தேவையில்ல, ஆனா எந்த பேக்கப்? எந்நேரமும் சொருகியே இருக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க் பேக்கப்பே கிடையாது, அதையும் சேத்துத்தான் பூட்டும். கூகுள் டிரைவ் சிங்க்ல இருந்தா பூட்டின ஃபைல சமத்தா மேல ஏத்திரும், ஆனா அங்க ஃபைலோட பழைய வெர்ஷன் 30 நாள் வரைக்கும் இருக்கும், என்ன, நிறைய ஃபைல்னா ஒவ்வொண்ணா திருப்பறதுக்குள்ள உசுரு போயிரும். ஒன்டிரைவ்ல மைக்ரோசாஃப்ட் 365 காசு கட்டி வச்சிருக்கிறவங்களுக்கு மொத்த டிரைவையும் 30 நாளுக்குள்ள ஒரு தேதிக்குத் திருப்பற வசதி இருக்கு, இந்த ஒரு விஷயத்துல அது ஜெயிக்குது. எல்லாத்தையும் விட, வாரம் ஒரு தடவ காப்பி அடிச்சுட்டு கழட்டி பீரோவுல வைக்கிற டிஸ்க்தான் மலிவு, கெட்டியும் கூட.

ஃபார்மட் கண்டிப்பா வேணும், ஆனா கடைசில. சில கடைல சிஸ்டம் வந்த உடனே ஃபார்மட் அடிச்சு விட்டுருவாங்க, அதோட அந்த ஃபைலுக்கு என்னிக்கோ ஒரு நாள் வரப்போற வாய்ப்பும் போச்சு. முடிஞ்சா பழைய டிஸ்க கழட்டி வச்சுட்டு புதுசு போடுங்க. ஃபோபோஸ்னு ஒரு வகை, வருஷக்கணக்கா பல பேர அழ வச்சது, 2025 ஜூலைல ஜப்பான் போலீஸ் அதுக்கு ஃப்ரீ டிகிரிப்டர் விட்டாங்க, பூட்டின ஃபைல தூக்கிப் போடாம வச்சிருந்தவங்களுக்குத்தான் அது பிரயோஜனம். அப்புறம் டிஜேவியூ பல தடவ பாஸ்வேர்டு திருடறதையும் கூட கூட்டிக்கிட்டு வரும், அதனால மெயில், பேங்க் பாஸ்வேர்டு எல்லாம் வேற டிவைஸ்ல இருந்து மாத்துங்க. பேங்க்ல பணம் போயிருந்தா சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு அடிங்க.

ஃபார்மட் அடிக்காம வைரஸ மட்டும் க்ளீன் பண்ணி வச்சிருந்தா வர்ற அடுத்த தலைவலி, நெட். வாட்ஸ்அப் வெப் ஓடும், யூட்யூப் ஓடும், ஆன்டிவைரஸ் சைட் மட்டும் "ரீச் பண்ண முடியல"ன்னு வரும். உடனே ஆளாளுக்கு ஒரு வைத்தியம், சைட் பேருக்கு அட்ரஸ் சொல்ற டிஎன்எஸ்ஸ 8.8.8.8க்கு மாத்து, வின்சாக் ரீசெட் பண்ணு, நெட்வொர்க் ரீசெட் பண்ணு. இங்க அது எதுவும் வேலைக்கு ஆகாது, ஏன்னா எந்த சைட்டுக்கு எந்த அட்ரஸ்னு கம்ப்யூட்டருக்குள்ளயே எழுதி வைக்கிற ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல டிஜேவியூ கை வச்சிருக்கும், விண்டோஸ் டிஎன்எஸ் கேக்கறதுக்கு முன்னாடியே அந்த ஃபைலத்தான் பாக்கும். சிஸ்டம்32ல டிரைவர்ஸ், அதுக்குள்ள இடிசி, அங்க இருக்கிற ஹோஸ்ட்ஸ அட்மினா நோட்பேட்ல ஓபன் பண்ணா 127.0.0.1ன்னு போட்டு பக்கத்துல வரிசையா செக்யூரிட்டி சைட் பேரு இருக்கும், அத அழிச்சுட்டு சேவ் பண்ணுங்க, போதும். எந்த சைட்டுமே வரல, ப்ராக்ஸி சர்வர்னு ஏதோ எரர் சொல்லுதுன்னா அது வைரஸ் செட்டிங்ஸ்ல மேனுவல் ப்ராக்ஸிய (நெட்டுக்கு நடுவுல நிக்கிற சர்வர) ஆன்ல விட்டுட்டுப் போனது. எல்லா சைட்டும் "கனெக்‌ஷன் ப்ரைவேட் இல்ல"ன்னு சொன்னா தேதியப் பாருங்க, கம்ப்யூட்டர் கடிகாரத்த ஓட்டுற சிமாஸ் பேட்டரி செத்திருக்கும்.

இன்னொண்ணு ஆபீஸ்ல. பழைய நெட்வொர்க் டிஸ்க் விண்டோஸ் 10ல ஓபன் ஆகாது, எஸ்எம்பி1 (நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற பழைய முறை) வேணும்னு எரர் வரும், உடனே யாராவது விண்டோஸ் ஃபீச்சர்ஸ்ல போய் அத டிக் அடிச்சு குடுத்துட்டு நல்ல பேர் வாங்கிட்டுப் போயிருவாங்க. 2017 மே 12ந்தேதி வான்னாக்ரைங்கிற ரேன்சம்வேர் உலகம் பூரா பரவினது இந்த எஸ்எம்பி1ல இருந்த ஓட்டை வழியாத்தான், மார்ச்லயே பேட்ச் வந்தும் போடாத சிஸ்டமெல்லாம் மாட்டுச்சு, அந்த வருஷக் கடைசில வந்த விண்டோஸ் 10ஓட 1709 வெர்ஷன்ல இருந்து மைக்ரோசாஃப்ட் இத டீஃபால்ட்டா போடறத நிறுத்திட்டாங்க. டிக் அடிக்கறது அஞ்சு நிமிஷ வேலை, அந்த டிஸ்க்குள்ள ஓடுற சாஃப்ட்வேர, அதாவது ஃபர்ம்வேர, அப்டேட் பண்ணி எஸ்எம்பி2 ஆன் பண்றது அரை நாள் வேலை, நான் அரை நாள் வேலையத்தான் சொல்வேன். அப்டேட்டே வராத பழைய பெட்டின்னா உள்ள இருக்கிறத புது டிஸ்க்குக்கு மாத்திட்டு அதுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்துருங்க.