"நாங்களே எழுதின சிஎம்எஸ்" என்று வருபவரிடம் உஷார்

பவானியில் எங்களுக்கு ஜமக்காளக் கடை. தறி அப்பா காலத்தது, வெப்சைட் என் காலத்தது. அந்த வெப்சைட்டில் 38,000 ரூபாய் போன கதை இது.

2022இல் ஈரோட்டிலிருந்து ஒருத்தர் வந்தார். பெயர் வேண்டாம். "வேர்ட்பிரஸ்லயே பண்ணிரலாமுங்களா?" என்று கேட்டேன், மச்சினன் சொல்லி அனுப்பிய கேள்வி. "அது ஓசில கெடைக்கறதுங்கண்ணா, எவன் வேணாலும் உள்ள பூந்துருவான். நாங்களே எழுதின சிஎம்எஸ் இருக்குதுங்க" என்றார். சிஎம்எஸ் என்றால் வெப்சைட்டில் படம், விலை, எழுத்தெல்லாம் ஏற்றி மாற்றுவதற்கான சாஃப்ட்வேர், வேர்ட்பிரஸும் அதில் ஒன்று. அவர் சொன்னதில் பாதி நிஜம். வேர்ட்பிரஸ் தளங்கள் ஹேக் ஆவது உண்டு, பெரும்பாலும் அப்டேட் போடாத பிளகின் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணைச் சாமான்) வழியாக. ஆனால் 2003இலிருந்து ஊர் உலகமே நோண்டிப் பார்த்து ஓட்டையடைக்கும் சாமானும், ஒரே ஆள் எழுதிப் பூட்டிவைத்த சாமானும் ஒன்றல்ல என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

முதல் வாரமே அட்மின் பக்கத்தில் "பவானி ஜமக்காளம்" என்று தட்டி சேவ் கொடுத்தேன். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நின்றன. டேட்டாபேஸை யூனிகோடில் வைக்காமல் லத்தீன் எழுத்துக்கு மட்டும் அமைத்தால் தமிழ் இப்படித்தான் ஆகுமாம். அவரோ, "தமிழ்ல எவனுங்கண்ணா தேடப் போறான்" என்று முடித்துக்கொண்டார். விலையைக்கூட நானாக மாற்ற முடியாது. தீபாவளிக்கு முன்னால் 1,450ஐ 1,600 ஆக்க நான்கு நாளும் 500 ரூபாயும் ஆயின. அதற்குள் ஆறு பேர் பழைய விலைக்கே வாங்கிப் போய்விட்டார்கள்.

அப்புறம் ஒருநாள் தளம் வெறும் வெள்ளைப் பக்கமாகிவிட்டது. தளத்துக்கு சர்வரில் இடம் கொடுக்கும் ஹோஸ்டிங்காரர்கள், பிஎச்பி என்ற புரோகிராம் மொழியின் 5.6 பதிப்பை எடுத்துவிட்டார்கள். அந்தப் பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவதே 2018 கடைசியோடு நின்றுபோனது. அதில் மட்டும் ஓடுவதைத்தான் 2022இல் எனக்குப் புதுசென்று தலையில் கட்டியிருக்கிறார்.

"சரி, என் டேட்டாவையாவது எடுத்துக் கொடுங்க" என்றேன். எக்ஸ்போர்ட் என்று ஒன்றே அதில் இல்லை. டொமைனும், அதாவது வெப்சைட் முகவரியும், அவர் பெயரில் இருந்தது. அதை என் கணக்குக்கு மாற்றிக்கொள்ளத் தேவையான ஆத் கோடு என்ற ரகசியக் குறியீட்டுக்கு 15,000 கேட்டார். அதற்குமேல் அவருக்குப் போன் செய்யவில்லை.

உங்களிடமும் இப்படி யாராவது வந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வரி தமிழில் தட்டச் சொல்லுங்கள். மொத்தத்தையும் ஒரு ஃபைலாக இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். டொமைனை உங்கள் இமெயிலில், உங்கள் கணக்கில் நீங்களே வாங்குங்கள். "நீங்க ஊர்ல இல்லைன்னா இதை வேற யாரு பார்ப்பாங்க?" என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். நான் கூச்சப்பட்டேன்.

இப்போது வேர்ட்பிரஸில், புது டொமைனில் ஓடுகிறது. 140 ஜமக்காளத்தின் படங்களையும் வாட்ஸப்பில் தேடிப் பிடித்து, மூன்று வாரம் உட்கார்ந்து ஏற்றினோம். பழைய முகவரி போட்டு அடித்த விசிட்டிங் கார்டு இன்னும் ரெண்டு கட்டு மிச்சம். கல்லாவில் சும்மா இருக்கும் நேரத்தில் வீட்டுக்காரம்மா பேனாவால் அதை அடித்துப் புதுசை எழுதிக்கொண்டிருக்கிறார்.