டெம்போ டிராவலரில் எங்கள் பழைய ஸ்கவுட் ரூட்: வண்டி சூப்பர், ஆபீஸ் சுமார்

வேலூரில் டூரிஸ்ட் வேன் எடுக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். கம்பெனி பெயர் போடவில்லை, பில் போடும் முறை எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதுதான். சுருக்கமாக, வண்டிக்கு நல்ல மார்க், டிரைவருக்கு முழு மார்க், ஆபீசுக்கு பார்டரில் பாஸ்.

1984 மே மாதம் எங்கள் ஸ்கூல் ஸ்கவுட் ட்ரூப் ஒரு பெரிய டூர் போனது. அப்போது வட ஆற்காடு ஒரே மாவட்டம், 1989-ல்தான் பிரித்தார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, தர்மபுரி, மேட்டூர், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி ஏறி, கூடலூர் பக்கம் இறங்கி, மைசூர், பெங்களூர், கோலார், சித்தூர் என்று சுற்றிக்கொண்டு காட்பாடி வழியாக ஊர் வந்து சேர்ந்தோம். அதே ரூட்டில் மறுபடி போகலாம் என்று வாட்ஸ்அப்பில் பேசிப் பேசி, எண்பது வயதைத் தாண்டிய ஸ்கவுட் மாஸ்டர் சாரையும் கிளப்பிவிட்டோம்.

வண்டி விஷயத்தில் குறை சொல்ல முடியாது. புஷ்பேக் சீட், சுத்தமான திரை, நல்ல டயர். அக்னி நட்சத்திர வெயிலில் வேலூரில் ஏறினால் பள்ளிகொண்டா டோல்கேட் வருவதற்குள் உள்ளே ஜில்லென்று ஆகிவிட்டது. மலை ஏறும்போது மட்டும் ஏசி போட மாட்டார்கள், அது எல்லா வேனிலும் உள்ளதுதான். பெட்டி வைக்கத்தான் இடம் போதாது. பாதி சாமான் மேலே கேரியருக்குப் போனது, ஆபீஸ் பையன் கட்டிய கயிறு தர்மபுரி தாண்டியதும் தளர்ந்து தார்ப்பாய் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. வண்டியை ஓரம் கட்டியதும் எங்கள் பழைய பேட்ரல் லீடர் (ட்ரூப்புக்குள் இருக்கும் சின்னக் குழுதான் பேட்ரல்), தொப்பையோடு ஏணியில் ஏறி, கம்பியில் குளோவ் ஹிட்ச் என்ற ஸ்கவுட் முடிச்சைப் போட்டு இழுத்துக் கட்டினார். கீழே நின்ற சார், "இன்னொரு சுத்து போடுடா" என்றார். வேலூர் வரை அது அசையவில்லை.

அந்தக் காலத்து பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜன்னலில் கண்ணாடி கிடையாது, மழை வந்தால் இறக்கிவிட ஷட்டர்தான். மேலே அண்டா, அரிசி மூட்டை, விறகு, எங்கள் டிரங்குப் பெட்டிகள். சார் முன்கூட்டியே வழியில் உள்ள பள்ளிக்கூடங்களுக்கு இன்லேண்ட் லெட்டர் போட்டிருப்பார், ராத்திரி அங்கே பெஞ்சை ஒதுக்கிவிட்டு ஜமுக்காளத்தில் படுக்கை. ஒவ்வொரு வேளையும் ஒரு பேட்ரல் சமைக்கும், புலி பேட்ரல் வைத்த சாம்பாரைப் பற்றி இன்றைக்கும் சண்டை வரும். கழுத்தில் இருந்த ஸ்கார்ஃப்தான் அண்டா இறக்கும் துணி, அதேதான் முழங்கால் கட்டு. மலையில் ரேடியேட்டர் கொதித்தால் வரிசையாக நின்று குடம் கைமாற்றுவோம்.

இப்போதைய வேனில் நிற்பதற்குத்தான் காசு. ஒரு நாளைக்கு மினிமம் இத்தனை கிலோமீட்டர் என்று கணக்கு, வண்டி மரத்தடியில் நின்றாலும் அது ஓடும். கிலோமீட்டரும் உங்கள் வீட்டிலிருந்து இல்லை, ஷெட்டிலிருந்து ஷெட் வரை. டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் தனி என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் கர்நாடகா பர்மிட்டைச் சொன்னவர்கள் சித்தூர் வழியாக வருகிறோம் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தும் ஆந்திரா பர்மிட்டைச் சொல்லவில்லை, அது கடைசி பில்லில்தான் வந்தது. நீலகிரிக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும், அதையும் எடுத்துவிட்டோம் என்றார்கள், எடுக்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் டீ குடித்த நேரத்தில் டிரைவர் தம்பி தன் போனிலேயே எடுத்து முடித்தார்.

அந்தத் தம்பிக்காகவே திரும்பவும் அந்த கம்பெனிக்குப் போகலாம். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடி இறங்கலாம் என்று எங்களில் ஒருவர் பிடிவாதம் பிடித்தபோது, வெளியூர் வண்டியை அதில் இறங்க விடமாட்டார்கள் என்று பொறுமையாகச் சொல்லி கூடலூர் வழியாகவே ஓட்டினார். பந்திப்பூர் ரோட்டை ராத்திரி 9 மணிக்கு மூடி காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள், அதனால் மதியச் சாப்பாட்டிலேயே எங்களைக் கிளப்பிக்கொண்டே இருந்தார். சாருக்கு பாத்ரூம் அவசரம் என்றால் முகம் சுளிக்காமல் நிறுத்துவார். ஒரே ஒரு தடவை, மேட்டூர் தாண்டி ஒரு புளியமரத்தடியில் ஸ்டவ்வை இறக்கியபோது, "இன்னா சார், இங்கயா சமைக்கப் போறீங்க?" என்றார். அப்புறம் வெங்காயம் உரித்ததும் அவர்தான்.

ஆபீஸ் மேல் எனக்கு இருக்கும் பெரிய கோபம் கோலார் தங்கவயல். 1984-ல் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது, எங்கள் பக்கத்திலிருந்து போய் அங்கே வேலை பார்த்த குடும்பங்கள் ஏராளம், ட்ரூப்பில் ஒருவனின் மாமா வீட்டில்தான் அத்தனை பேருக்கும் கேழ்வரகு களி. 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். இந்த முறை உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால், ஷீட்டில் எழுதிய ரூட்டில் அது இல்லை, எக்ஸ்ட்ரா கட்டுங்கள் என்று போனில் கறாராகச் சொன்னார்கள். கட்டுகிறோம் என்றும் சொன்னோம், வண்டிக்கு மறுநாள் விடிகாலை வேறு புக்கிங் என்றார்கள். முல்பாகல், பலமநேர், மொகிலி மலை என்று நேராக இறங்கி கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட்டுக்கு வந்துவிட்டோம்.

ஆக, குடும்பத்தோடு நேராகப் போய் நேராக வர நினைப்பவர்கள் தாராளமாக எடுக்கலாம். எங்களைப் போல நின்று நின்று போகிறவர்கள் ரூட், பர்மிட், நிற்கும் இடம் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், திரும்பும் நாளுக்கு மறுநாள் வண்டிக்கு புக்கிங் இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள். அந்த ஷெட்டில் பெரிய கேரியரோடு ஏசி இல்லாத பழைய வேன் ஒன்று நிற்கிறது, வாடகையும் குறைவு. அடுத்த மே மாதம் தங்கவயலுக்கு மட்டும் அதில் போகலாம் என்று பேச்சு, வீட்டுக்காரம்மாக்கள் இப்போதே வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.