மக்கள் நீதிமன்றம்: செக் வழக்குக்கு நல்ல வழி, தவணையில்தான் கவனம்

திருப்பூர் பனியன், ஈரோடு ஜவுளி வியாபாரத்தில் செக் திரும்பிய வழக்கு பலவும் தீர்ப்புக்கு முன்பே சமரசமாகிவிடும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 147-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. அதை முடிக்க, சமரசத்தில் வழக்கைத் தீர்க்கும் மக்கள் நீதிமன்றம் (லோக் அதாலத்) அருமையான சேவை. கோர்ட் கட்டணம் இல்லை, மேல்முறையீடும் இல்லை. வழக்கு நடக்கும் கோர்ட்டிலேயே மனுக் கொடுக்கலாம்.

தவணைக்கு ஒப்புக்கொள்வதுதான் ஆபத்து. கையெழுத்தான தீர்வு சிவில் தீர்ப்பாணைக்குச் சமம். இரண்டாம் தவணை நின்றுபோனால் குற்ற வழக்கு எளிதில் திரும்பாது. அந்தத் தீர்ப்பாணையை நிறைவேற்றக் கேட்கும் நிறைவேற்று மனுப் போட்டுத்தான் வசூலிக்க வேண்டும், அது பெரிய அலைச்சல். முழுத் தொகையும் டிடியாகக் கைக்கு வந்தபின் கையெழுத்திடுவதே உத்தமம். முடியாதபோது தேதி, தொகை, தவறினால் வட்டி எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்.

கொலை, கொள்ளை போன்ற, சமரசத்துக்கு உட்படாத குற்றங்களை மக்கள் நீதிமன்றத்தில் எடுக்கவே மாட்டார்கள்.